"பாசிவ் வாய்ஸ்" அத்துப்படி. "பாசேஜ்" கொடுத்தால் பேந்தப்பேந்த! நாளைய இங்கிலீஷ் ஆசிரியர்கள் தவிப்பு

"ஹேட்" என்ற சொல்லோடு வினைச்சொல்லின் மூன்றாவது வடிவத்தைச் சேர்த்தால் என்ன காலம்?

ஆங்கிலப் பாடம் எடுத்து பி.எட். படிக்கும் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்பே பதில் வந்து விழும். "பாஸ்ட் பெர்பெக்ட் சார்!"

சபாஷ். இப்போது அதே மாணவருக்கு இரண்டு வாக்கியங்களை எழுதிக் காட்டுங்கள்.

ஒன்று: "வென் தி மேன் கேம், தி ஓனர் லெஃப்ட்."

இன்னொன்று: "வென் தி மேன் கேம், தி ஓனர் ஹேட் லெஃப்ட்."

வந்த மனிதர் கொடுத்த கடனைக் கேட்க வந்தவர். ஓனர் என்பவர் கடை முதலாளி. இரண்டு வாக்கியங்களில் எதில் முதலாளி கடன் கொடுத்தவரைப் பார்த்தார்?

இங்கேதான் பலருக்கு வாய் அடைத்துப் போகிறது.

கடைக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. முதல் வாக்கியத்தில் ஆள் வந்தார், முதலாளி நழுவிவிட்டார். இரண்டாவது வாக்கியத்தில் முதலாளி ஏற்கனவே கிளம்பிப் போய்விட்டார். ஆள் வந்ததே அவருக்குத் தெரியாது. ஒன்றில் குற்றம் இருக்கிறது. இன்னொன்றில் இல்லை. அந்த ஒரே ஒரு "ஹேட்" தான் முதலாளியின் மானத்தைக் காப்பாற்றுகிறது.

விதி தெரிகிறது. அந்த விதி வாக்கியத்துக்குள் என்ன வேலை செய்கிறது என்பது தெரியவில்லை. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களில் பலருடைய நிலைமை இதுதான்.

மாற்றத் தெரியும், ஏன் என்று தெரியாது

"பாசிவ் வாய்ஸ்" கதையும் இப்படித்தான்.

பூனை எலியைத் துரத்தியது. எலி பூனையால் துரத்தப்பட்டது. ஆறாம் வகுப்பில் ஆரம்பித்து காலேஜ் வரைக்கும் இந்த எலி துரத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆயிரம் வாக்கியம் கொடுத்தாலும் மாற்றித் தந்துவிடுவார்கள்.

ஆனால் எதற்காக மாற்ற வேண்டும்? இதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை.

"நாளை மின்சாரம் நிறுத்தப்படும்" என்று அறிவிப்பு வருகிறது. யார் நிறுத்துவார்கள்? சொல்லவில்லை. "கட்டிடம் இடிக்கப்பட்டது", "கோரிக்கை நிராகரிக்கப்பட்டது" என்று கடிதம் வருகிறது. இடித்தது யார், நிராகரித்தது யார்? ஆளைக் காட்டாமல் காரியத்தை மட்டும் சொல்வதற்கு இந்த நடை வசதி. சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இது கைவந்த கலை. ஆங்கிலத்திலும் இதே வேலைக்குத்தான் அதிகம் பயன்படுகிறது.

இதைப் புரிந்துகொண்ட ஆசிரியர் ஒரு பத்தியைப் படிக்கும்போது, "இங்கே செய்தவன் பெயர் ஏன் இல்லை?" என்று கேட்பார். புரியாதவர், "இதை ஆக்டிவ் வாய்ஸாக மாத்துங்க பசங்களா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பீடி விஷயம் இன்னும் வேடிக்கை. "ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்" என்றால் அவர் புகை பிடிப்பதை விட்டுவிட்டார் என்று பொருள். "ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்" என்றால் நடந்து போனவர் பீடி பற்றவைக்க நின்றார் என்று பொருள். முதல் செய்தி கேட்டால் வீட்டில் பாயசம் கிடைக்கும். இரண்டாவது செய்தி கேட்டால் சண்டை நடக்கும். "ஜெரண்ட்", "இன்பினிட்டிவ்" என்று பெயர் சொல்லத் தெரிந்த பயிற்சி ஆசிரியருக்கு, பாயசமா சண்டையா என்று சொல்லத் தெரிய வேண்டாமா?

கொம்பளான் செய்த வேலை

"அப்படியானால் பத்தி படித்து விடை எழுதும் கேள்வியில் மார்க் வாங்குகிறார்களே, அது எப்படி?" என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்.

"கொம்பளான் நேற்று ஒரு மூசியைத் திம்பினான்."

கேள்வி: கொம்பளான் நேற்று எதைத் திம்பினான்?

விடை: மூசியை. முழு மார்க்!

கொம்பளான் யார், மூசி என்பது என்ன, திம்புவது எப்படி என்று உங்களுக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. எல்லாம் இட்டுக்கட்டிய சொற்கள். ஆனால் விடை சரி.

பள்ளிக்கூடப் பரீட்சையில் கேட்கும் கேள்விகளில் ஏராளமானவை இந்த ரகம். கேள்வியை முதலில் படி. அதில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு. அந்த வரியை அப்படியே எழுது. இதற்குப் படிப்பு வேண்டாம், கண் இருந்தால் போதும். இதை "டெக்னிக்" என்று சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு.

கொஞ்சம் திருப்பிக் கேட்டால் குட்டு உடைந்துவிடும். "கண்டக்டர் அந்தப் பெண்ணுக்குச் சில்லறை கொடுக்கவில்லை என்று பயணிகள் நினைத்தார்கள். ஆனால் அவர் முந்தின ஸ்டாப்பிலேயே கொடுத்திருந்தார்." இந்த இரண்டு வரியை ஆங்கிலத்தில் கொடுத்து, "கண்டக்டர் சில்லறை கொடுத்தாரா?" என்று கேளுங்கள். சொல்லைத் தேடுகிறவர் "கொடுக்கவில்லை" என்று எழுதிவிடுவார். கண்ணில் பட்ட முதல் வரி அதுதானே! பாவம் கண்டக்டர்.

இந்த இடத்தில் அவரைக் காப்பாற்றுவதும் அதே பாஸ்ட் பெர்பெக்ட்தான். இலக்கணம் தனி, படித்துப் புரிந்துகொள்வது தனி என்று பாடத்திட்டம் பிரித்து வைத்திருக்கிறது. வாக்கியத்துக்குள் அப்படிப் பிரிவினை எதுவும் கிடையாது.

பென்சில் அடைப்புக்குறி

இந்த நிலைமைக்குப் பயிற்சி மாணவர்களை மட்டும் குறை சொல்வது அநியாயம். அவர்கள் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடம் எப்படி நடந்தது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டீச்சர் ஒரு வரி வாசிப்பார். தமிழில் அர்த்தம் சொல்வார். அடுத்த வரி. மறுபடி அர்த்தம். பாடம் முடிந்தால் பையன் மனதில் நிற்பது தமிழ்க் கதை. இங்கிலீஷ் வரிகள் காதோடு போயிற்று.

பிறகு புத்தகத்தில் பென்சிலால் அடைப்புக்குறி போடும் சடங்கு. "இங்கேர்ந்து இது வரைக்கும் முதல் கேள்விக்கு ஆன்சர். அடுத்த பக்கம், மூணாவது வரியிலேர்ந்து ரெண்டாவது ஆன்சர். போட்டுக்கிட்டீங்களா?" வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "போட்டுக்கிட்டோம் டீச்சர்!"

காலேஜுக்குப் போனால் பென்சில் போய் கைடு வந்துவிடும். பி.ஏ. ஆங்கில இலக்கியம். ஷேக்ஸ்பியர் நாடகத்தை ஒரு தடவையாவது முழுசாகப் படிக்காமல், அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிப் பாஸ் செய்ய முடியும். கதைச் சுருக்கம், பாத்திரங்களின் குணம், முக்கியக் கேள்விகள் எல்லாம் பஜாரில் கிடைக்கின்றன.

அடுத்தது பி.எட். 2015-ம் ஆண்டு முதல் இது 2 வருடப் படிப்பு. முன்பு ஒரு வருடம்தான். காலம் கூடியது. ஆனால் இங்கே ஆங்கிலம் சொல்லித் தருவது இல்லை. ஆங்கிலத்தை எப்படிச் சொல்லித் தருவது என்று சொல்லித் தருகிறார்கள். ஆங்கிலம் ஏற்கனவே தெரியும் என்று வைத்துக்கொள்கிறார்கள். பாடத்திட்டக் குறிப்பு, சார்ட், ரெக்கார்டு நோட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போய் மாதக்கணக்கில் பயிற்சி. பார்வையிட வருகிறவர் கரும்பலகை எழுத்தையும், சார்ட்டில் ஒட்டிய படத்தையும் பார்ப்பார். எடுத்த பாடத்தைப் பயிற்சி மாணவரே புரிந்துகொண்டாரா என்று பார்ப்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பி.எட். கல்லூரி, பட்டப்படிப்பு கவனித்திருக்கும் என்று நினைக்கிறது. பட்டப்படிப்பு, பள்ளிக்கூடம் கவனித்திருக்கும் என்று நினைக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரை அனுப்பியது பி.எட். கல்லூரி! வட்டம் முடிந்தது.

இவர்களில் பலர் வீட்டில் முதல் பட்டதாரிகள். கூலி வேலை செய்து, நகையை அடகு வைத்துப் படிக்க வைத்த பெற்றோர் பின்னால் நிற்கிறார்கள். "என் பொண்ணு இங்கிலீஷ் டீச்சர் ஆகப்போறா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்த அம்மாவுக்கு, அந்தப் பெண் ராத்திரியில் ஒரு பக்கத்தை நாலு தடவை படித்துவிட்டு விழிப்பது எப்படித் தெரியும்?

6 லட்சம் பேர்; 2,448 பேர்

2009-ம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி நடந்தது. 6 லட்சத்துக்கும் அதிகமானோர் எழுதினார்கள்.

தேறியவர்கள் 2,448 பேர்!

மாநிலமே அதிர்ந்தது. ஒன்றரை மணி நேரத்தில் 150 கேள்வியா என்று கூக்குரல் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மறுதேர்வு வைத்தார்கள். நேரத்தை 3 மணியாக உயர்த்தினார்கள். அப்போது சுமார் 19 ஆயிரம் பேர் தேறினார்கள்.

நேரம் கூடியதும் தேறியவர்கள் பல மடங்கு ஆனது எதைக் காட்டுகிறது? கேள்வித்தாளும் வேறு என்பதால் நேரம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் படிக்கும் வேகத்துக்கும் இதில் பங்கு இருந்திருக்க வேண்டும். கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்ளவே நேரம் போய்விட்டால் விடை தெரிந்தும் பயன் இல்லை. பஸ் போர்டைப் படித்து முடிக்கும் முன்பு பஸ் போய்விடுவது போலத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதை நிறையப் பேர் கவனிப்பது இல்லை.

6 முதல் 8-ம் வகுப்பு ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளில் மொத்தம் 150 மார்க். அதில் ஆங்கிலத்துக்கு 30. தமிழ் போன்ற மொழிப்பாடத்துக்கு 30. குழந்தை வளர்ச்சி, கற்பித்தலுக்கு 30. மீதி 60 மார்க் கணிதம்-அறிவியல், அல்லது சமூக அறிவியல்.

ஆங்கில ஆசிரியர் ஆகப்போகிறவருக்கு என்று தனிப் பகுதி இல்லை. அவரும் இந்த இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். ஆக, ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறவர் சரித்திரம், பூகோளத்தில் 60 மார்க்குக்கு எழுதுகிறார். ஆங்கிலத்தில் 30 மார்க்குக்கு எழுதுகிறார்.

பொதுப்பிரிவினர் தேற 90 மார்க் வேண்டும். மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு. பகுதிவாரியாக இவ்வளவு வாங்கியே தீர வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிட்டாலும் 120 மார்க் மிச்சம். காகிதத்தின்படி, ஆங்கிலத்தில் பூஜ்யம் வாங்கியவரும் ஆங்கில ஆசிரியராகத் தகுதி பெறலாம்!

நடைமுறையில் அப்படி நடக்காது என்பது உண்மை. தகுதித் தேர்வுக்குப் பிறகு வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-ம் ஆண்டு அரசாணை வந்தது. அந்தத் தேர்வு 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் நடந்தது. அதில் ஆங்கிலத்துக்குத் தனித் தாள் உண்டு. ஆனால் அதுவும் நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கும் தேர்வுதான். ஒரு பத்தியைப் படித்துத் தன் சொந்த வாக்கியத்தில் நாலு வரி எழுதத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு, ஏற்கனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்களையும் இந்தக் கவலையில் தள்ளியது. ஓய்வு பெற 5 வருடத்துக்கு மேல் உள்ளவர்கள் 2 வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. 20 வருடம் பாடம் நடத்திய ஆசிரியர்கள் கைடு வாங்க பஜாருக்கு வந்தார்கள்.

ரெயில் அட்டவணையில் இங்கிலீஷ்

இது நேற்று முளைத்த பிரச்சினை அல்ல. சென்னை இதில் பழம் தின்று கொட்டை போட்ட ஊர்.

1960-ம் ஆண்டை ஒட்டி, அன்றைய சென்னை மாநிலத்தில் ஆரம்ப இங்கிலீஷ் ஆசிரியர்கள் 27 ஆயிரம் பேருக்கு மறுபயிற்சி கொடுக்கும் பெரிய முயற்சி நடந்தது. கொஞ்சம் பேருக்கு முதலில் பயிற்சி. அவர்கள் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி. அவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெரிதாவதால் "சென்னைப் பனிப்பந்து" என்று பெயர் வைத்தார்கள். பனியே பார்க்காத ஊருக்கு இப்படி ஒரு பெயர்!

வாக்கிய அமைப்புகளை எளிதில் இருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அன்றைய முறை. "திஸ் இஸ் எ புக்." "தட் இஸ் எ டோர்." அந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்போது தாத்தா ஆன பிறகும் மறக்கவில்லை.

ஆனால் வகுப்பில் கடகடவென்று சொன்ன பிள்ளை வெளியே ஒரு துண்டுக் காகிதத்தைப் படிக்கத் திணறியது.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ்.பிரபு என்ற ஆங்கில அறிஞர் வேறு வழி யோசித்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் சோதித்துப் பார்த்தார். "பெங்களூர் திட்டம்" என்று உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர்கள் இதைப் படிக்கிறார்கள். நம் கடலூர் பெயர் அதில் மறைந்துபோனது வருத்தம்தான்.

அவர் செய்தது என்ன? இலக்கணப் பாடத்தை நிறுத்தினார். அதற்குப் பதில் ரெயில் கால அட்டவணையைக் கொடுத்தார். ஊர் வரைபடத்தைக் கொடுத்தார். எந்த ரெயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்? ஏன் அந்த ரெயில் கூடாது? முதலில் ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து ஒரு கணக்கை அவிழ்ப்பார்கள். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தாங்களே செய்ய வேண்டும். மனம் முழுவதும் விஷயத்தில் இருக்கும்போது, மொழியின் அமைப்பு தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை.

தாம்பரத்தில் இருந்து பீச்சுக்கு தினம் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். "பாஸ்ட் லோக்கல்" எந்த ஸ்டேஷனில் நிற்காது என்பதை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. தேவை இருந்தது, தெரிந்துகொண்டார்கள்.

பலன் எப்படி? பெரெட்டா, டேவிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பரீட்சை வைத்துப் பார்த்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். வாக்கிய அமைப்புக் கேள்விகளில் பழைய முறை வகுப்புகள் முந்தின. ஒரு சூழ்நிலைக்குள் வைத்துக் கேட்ட இலக்கணத்திலும், கேட்டும் படித்தும் புரிந்துகொள்வதிலும் பிரபுவின் வகுப்புகள் முந்தின. பள்ளிகளும் ஆசிரியர்களும் ஒரே மாதிரி இல்லாததால் இதை இறுதித் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பயிற்சி எதுவோ அதுவே பலனாக வரும் என்பது தெரிந்துபோயிற்று.

முறை நன்றாக இருந்தும் அது ஏன் பள்ளிக்கூடங்களில் பரவவில்லை? ஆங்கிலத்தில் தங்குதடை இல்லாமல் பேசவும், பிள்ளை எதிர்பாராமல் கேட்பதற்குப் பதில் சொல்லவும் தெரிந்த ஆசிரியர் வேண்டும். விதி சொல்லிக்கொடுக்க அவ்வளவு தேவை இல்லை. சுற்றிச் சுற்றி ஆசிரியரிடமே வந்து நின்றது.

ஜன்னலா ஓடியது?

தமிழர்களுக்கு என்று ஒரு தனித் தடங்கலும் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஜன்னலை உடைத்த பையன் ஓடிவிட்டான்" என்கிறோம் நாம். பையனைப் பற்றிய விவரம் அவனுக்கு முன்னால் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அது பின்னால் வரும். "தி பாய் ஹூ ப்ரோக் தி விண்டோ ரேன் அவே."

அவசரமாகப் படிப்பவர் கண்ணில் "விண்டோ ரேன் அவே" என்று படும். ஜன்னல் எங்கே ஓடியது? சின்ன வாக்கியத்தில் சிரிப்பாக இருக்கிறது. இதே அமைப்பு நாலு வரி நீளத்துக்கு வந்தால் பட்டதாரிக்கும் மூச்சு முட்டுகிறது. "ரிலேட்டிவ் கிளாஸ்" என்று பெயர் எழுதி அடிக்கோடு போடுவதற்குப் பதில், "ஓடியது யார்?" என்று கேட்கும் பழக்கம் வந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

"எ", "தி" என்ற குட்டிச் சொற்களும் அப்படியே. கதையில் "எ டாக்" என்று வந்தால் புது நாய். "தி டாக்" என்று வந்தால் முன்பே பார்த்த நாய். இதைக் கவனிக்காதவர் ஒரே நாயை இரண்டு நாயாக எண்ணிவிடுவார்.

அடுத்தது சொல் கணக்கு. பிறர் உதவி இல்லாமல் ஒரு பக்கத்தைப் புரிந்து படிக்க, 100 சொற்களில் சுமார் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்கும் அளவு. 90 தெரிந்தால் போதாதா? 300 சொல் உள்ள பக்கத்தில் 30 இடத்தில் தடுக்கும். அகராதியைப் புரட்டியே பொழுது போய்விடும்.

அதனால்தான் அனுபவப்பட்ட ஆசிரியர்கள், பயிற்சி மாணவர்களைப் பெரிய நாவல்களோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்கிறார்கள். 7-ம் வகுப்பு, 8-ம் வகுப்புத் துணைப்பாடக் கதைகளில் ஆரம்பிக்கலாம். வெட்கம் எதற்கு? நாளைக்கு நடத்தப்போவதே அதுதானே! தினம் இரண்டு பக்கம். கைடு இல்லாமல், அர்த்தம் எழுதாமல், வாய்விட்டுப் படிக்காமல் மவுனமாக. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, யார், எப்போது, ஏன் என்று சொந்த வாக்கியத்தில் நாலு வரி.

இன்னொரு சுலப வழியும் உண்டு. சாயங்காலம் தமிழ்ப் பேப்பரில் படித்த செய்தியை, மறுநாள் காலையில் ஆங்கிலப் பேப்பரில் தேடிப் படிப்பது. விஷயம் முன்பே தெரியும். அதனால் தெரியாத சொல் வந்தாலும் தடுக்கி விழ வேண்டியது இல்லை. கார் மோதிய செய்தியாக இருந்தால், டிரைவர் "ஹேட் எஸ்கேப்டு" என்று போட்டிருக்கிறதா, "எஸ்கேப்டு" என்று மட்டும் போட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். போலீஸ் வந்தபோது அவர் அங்கே இருந்தாரா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.